கடலில் எதிரே ஒரு படகு வந்தால்...



எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. அக்கரையில் தொழுதூர். அது கடலூர் மாவட்டம். வருடத்தில் பல மாதங்கள் எங்கள் ஆற்றில் மணல்தான் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிட்டால், அந்தத் தண்ணீர் திட்டக்குடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று கிழக்கே ஓடி, பரங்கிப்பேட்டையில் கடலில் சேரும்.

அங்கிருந்து ஒரு படகில் ஏறினால் எங்கே போகலாம்? உலகத்தின் எந்தப் பெருங்கடலின் கரைக்கும் போகலாம்! பெருங்கடல்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துதானே இருக்கின்றன.

ஆனால் ஒரு சந்தேகம் வருகிறது. கடலில் சாலை கிடையாது. வழிகாட்டிப் பலகை கிடையாது. டீக்கடை, மருத்துவமனை, போலீஸ் நிலையம் எதுவும் கிடையாது. பல நாள் தனியாகப் போன பிறகு, தூரத்தில் இன்னொரு படகு தெரிகிறது. அதில் இருப்பவர் எந்த நாடோ, என்ன மொழியோ! அவரிடம் எப்படி நடந்துகொள்வது?

கடலில் போகிறவர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள, உலகத்தைச் சுற்றி வந்த ஒரு படகின் பின்னாலேயே நாமும் போய் வரலாமா?

இரண்டு பேர், ஒரு பாய்மரப் படகு

பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, அதே கடற்கரையில் இருக்கிறது புதுச்சேரி. அந்த ஊரைச் சேர்ந்தவர் ரூபா அழகிரிசாமி. கேரளத்தின் கோழிக்கோட்டைச் சேர்ந்தவர் தில்னா. இருவரும் இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, இவர்கள் இருவர் மட்டும் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற படகில் புறப்பட்டார்கள். தாரிணியின் நீளம் 17 மீட்டர். நம் ஊர்ப் பேருந்து ஒன்றரைப் பேருந்து அளவுதான்! காற்றின் வேகத்தில் பாய் விரித்துச் செல்லும் படகு அது.

வழியில் நான்கே இடங்களில் நின்றார்கள். ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமாண்டில், நியூசிலாந்தில் லிட்டெல்டன், தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன். 2025ஆம் ஆண்டு மே 29 அன்று கோவாவுக்குத் திரும்பினார்கள். ஏறக்குறைய 8 மாதம்! 25,000 கடல் மைலுக்கும் அதிகமான தூரம்! ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதற்கு முன் 2017-18இல், வர்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் இதே தாரிணியில் உலகைச் சுற்றி வந்தார்கள். இந்த முறை இரண்டே பேர். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். காற்று, அலை, பாய், சுக்கான் எல்லாவற்றையும் அவரே கவனிக்க வேண்டும்.

சிவப்பு, பச்சை, வெள்ளை

துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதும் எதிரே நிறையக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் வரும். நம் நாட்டுச் சாலையில் இடது பக்கம் போகிறோம். கடலில் எப்படி?

இரண்டு எந்திரப் படகுகள் நேருக்கு நேர் வந்தால், இரண்டுமே தங்கள் வலது பக்கம் திரும்ப வேண்டும். அப்போது ஒன்றின் இடது பக்கம் மற்றதன் இடது பக்கத்தைப் பார்த்தபடி கடந்து போகும். எந்திரப் படகும் பாய்மரப் படகும் சந்தித்தால், பொதுவாக எந்திரப் படகுதான் விலகி வழிவிட வேண்டும். எந்திரப் படகு நினைத்த பக்கம் திரும்பலாம். பாய்மரப் படகு காற்றைக் கேட்டுத்தானே திரும்ப முடியும்? வலை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகு என்றால், பாய்மரப் படகும் விலகித்தான் போக வேண்டும். 1972ஆம் ஆண்டு பல நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட சட்டம் இது.

இரவில்? அதற்குத்தான் விளக்குகள். படகின் முன்பகுதியை நம் மீனவர்கள் 'அணியம்' என்பார்கள். பின்பகுதி 'அமரம்'. அணியத்தைப் பார்த்தபடி நின்றால், இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. அமரத்தில் வெள்ளை விளக்கு.

இருட்டில் படகே தெரியாது. விளக்கு மட்டும்தான் தெரியும். சிவப்பு மட்டும் தெரிந்தால், அந்தப் படகு உங்களுக்கு இடது பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால், வலது பக்கமாகப் போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்? ஜாக்கிரதை! அது நேரே உங்களை நோக்கி வருகிறது!

பாருங்கள், ஒரு வார்த்தை பேசாமலே இரண்டு படகுகள் பேசிக்கொள்கின்றன. தமிழ் தெரிந்தவரும் ஜப்பான் மொழி தெரிந்தவரும் புரிந்துகொள்ளும் பாஷை இது.

நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி!

தாரிணி நின்ற நியூசிலாந்துக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1800களின் முற்பகுதியில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அங்கே மாவோரி மக்களிடம் ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அதில் அவர்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். உற்றுப் பார்த்தால், அது உடைந்த கப்பல் மணி! அதில் பழைய தமிழ் எழுத்துகள்! முகையதீன் பக்ஷ் என்ற கப்பலுக்குச் சொந்தமான மணி என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. இன்று அது வெலிங்டன் நகரில், 'டெ பாப்பா' அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மணி அவ்வளவு தூரம் எப்படிப் போனது என்பது இன்னும் அவிழாத புதிர்!

பக்கத்து வீட்டுக்காரர் வானத்தில்!

நியூசிலாந்தை விட்டுக் கிழக்கே போனால் பசிபிக் பெருங்கடல். 2025 ஜனவரி 30 அன்று தாரிணி 'நீமோ புள்ளி' என்ற இடத்தைக் கடந்தது. உலகத்திலேயே கரையிலிருந்து மிகத் தூரமான கடற்பகுதி அதுதான். எந்தப் பக்கம் போனாலும் சுமார் 2,688 கி.மீ. போனால்தான் ஒரு சின்னத் தீவாவது கண்ணில் படும். கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் டெல்லியையும் தாண்டிப் போகிற தூரம்!

'நீமோ' என்றால் லத்தீன் மொழியில் 'யாரும் இல்லை' என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

ஒரு வேடிக்கை கேளுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அது தலைக்கு மேலே வரும் நேரத்தில், நீமோ புள்ளியில் இருப்பவருக்கு மிக அருகில் இருக்கும் மனிதர்கள் விண்வெளி வீரர்களாகத்தான் இருப்பார்கள்!

அந்தத் தனிமையிலும் ரூபாவும் தில்னாவும் ஒரு வேலை செய்தார்கள். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளுக்காக, அங்கிருந்து கடல்நீரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஹார்ன் முனையில் ஒரு குடும்பம்

அடுத்தது தென் அமெரிக்காவின் தென்கோடி. அங்கே ஒரு சிறு தீவில் பாறையாக நீட்டிக்கொண்டிருக்கிறது ஹார்ன் முனை. 1616இல் அந்த வழியாக வந்த டச்சு மாலுமிகள், தங்கள் ஊரான ஹூர்னின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

லப்பைக்குடிக்காடு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 11 பாகையில் இருக்கிறது. ஹார்ன் முனை தெற்கே 56 பாகையில். பூமி உருண்டையைச் சுழற்றி, அந்தப் பகுதியைப் பாருங்கள். உலகைச் சுற்றி ஒரே தண்ணீர். மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தடுக்க மலையும் இல்லை, காடும் இல்லை. ஓடி ஓடி வேகம் எடுத்த காற்று, அலைகளையும் தள்ளிக்கொண்டு வந்து இந்த முனையில் மோதுகிறது. அந்தக் காலத்தில் இங்கே மூழ்கிய கப்பல்கள் ஏராளம்.

2025 பிப்ரவரி 15 அன்று தாரிணி இந்த முனையைக் கடந்தபோது, மணிக்கு சுமார் 75 கி.மீ. வேகத்தில் காற்று. 5 மீட்டருக்கும் உயரமான அலைகள். இரண்டு பேரும் சமாளித்துத் தாண்டினார்கள்.

இந்தப் பாறைத் தீவில் யாராவது இருப்பார்களா? இருக்கிறார்கள்! சிலி நாட்டுக் கடற்படை வீரர் ஒருவர், தன் குடும்பத்தோடு கலங்கரை விளக்கத்தில் தங்கியிருப்பார். ஒரு வருடம் முடிந்தால் வேறு குடும்பம் வரும். கடந்து போகும் படகுகளை வானொலியில் கூப்பிட்டு விசாரிப்பது அவர் வேலைகளில் ஒன்று. "யார் நீங்கள்? எங்கிருந்து வருகிறீர்கள்? எத்தனை பேர்?" பல நாள் மனிதக் குரல் கேட்காதவர்களுக்கு அந்தக் குரல் எப்படி இனித்திருக்கும்!

மரத்தில் கட்டும் படகுகள்

தாரிணி வெளிக்கடல் வழியாகப் போய்விட்டது. ஆனால் ஹார்ன் முனைக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே, நூற்றுக்கணக்கான தீவுகளும் கால்வாய்களும் இருக்கின்றன. பனிமலை நேரே கடலில் இறங்கும் இடங்கள் உண்டு. பல நாள் போனாலும் ஊரே கண்ணில் படாது. சிறு படகில் ஊர் சுற்றுகிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் இங்கே வருகிறார்கள்.

மலை உச்சியிலிருந்து திடீர் திடீரென்று காற்று கீழே பாயும். நங்கூரம் மட்டும் போட்டால் படகு நிற்காது. அதனால் சிறு ஓடத்தில் கரைக்குப் போய், நீளமான கயிறுகளை மரங்களில் கட்டிவிட்டு வருவார்கள். நாலு கயிறு கட்டி, கன்றுக்குட்டியைக் கொட்டிலில் கட்டுவது போலப் படகைக் கட்டுகிறார்கள்! ஏற்கெனவே கட்டியிருக்கும் படகுக்காரர், புதிதாக வருகிறவரின் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொடுப்பார். பெயர் கேட்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்தப் பகுதியில் போர்ட்டோ வில்லியம்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 'மிக்கால்வி' என்று ஒரு பழைய கப்பல், என்னைப் போலவே பணி ஓய்வு பெற்றுக் கரையோரமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில்தான் வெளியூர்ப் படகுகள் வந்து நிற்கும். இடம் குறைவு. ஒரு படகை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி மற்றொன்று என்று கட்டிவிடுவார்கள். கடைசிப் படகுக்காரர் கரைக்குப் போக வேண்டும் என்றால், மற்றவர்களின் படகுகள் மேல் நடந்துதான் போக வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "வழியில் பனி இருக்கிறதா? எந்த இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும்?" என்று விசாரித்துக்கொள்வார்கள். புத்தகத்தில் இல்லாத செய்தி அங்கேதான் கிடைக்கும்.

பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கால்வாய்களில் வாழ்ந்தவர்கள் யாகன் இன மக்கள். மரப்பட்டையால் செய்த படகில் குடும்பத்தோடு போவார்கள். அப்பா முன்னால் ஈட்டியுடன் இருப்பார். அம்மா பின்னால் துடுப்புப் போடுவார். நடுவில், மண் பரப்பி மூட்டிய நெருப்பு எரியும். அதை அணையாமல் பார்த்துக்கொள்வது யார் வேலை தெரியுமா? உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியர்தான்! 1520இல் மெகல்லன் இந்தப் பக்கம் வந்தபோது கரையில் நெருப்புகளைக் கண்டார். அதனால்தான் அந்தப் பகுதிக்கு 'நெருப்பு நாடு' என்று பொருள்படும் பெயர் வந்தது. ஸ்பானிய மொழியில் 'டியெரா டெல் ஃபுவேகோ'.

முதுகு ஒடிந்த மாலுமி

ரூபாவுக்கும் தில்னாவுக்கும் பயிற்சி கொடுத்தவர் அபிலாஷ் டோமி. 2012-13இல் எங்கும் நிற்காமல், தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியர். அவர் உயிரோடு இருப்பதற்கே காரணம், கடலில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் பரிவுதான்.

2018இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றும் தனியாள் போட்டி ஒன்று நடந்தது. இந்தக் காலத்து வழிகாட்டிக் கருவிகள் கூடாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துத்தான் வழி அறிய வேண்டும். அபிலாஷ் 'துரியா' என்ற படகில் கலந்துகொண்டார்.

செப்டம்பர் 21. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி. பெரும் புயல். படகு புரண்டது. பாய்மரம் ஒடிந்தது. அபிலாஷின் முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்து நடக்க முடியவில்லை. ஆஸ்திரேலியக் கரை 3,000 கி.மீ.க்கும் அப்பால். படுத்த படுக்கையில் இருந்தபடியே செய்தி அனுப்பினார்.

அதே போட்டியில், அதே புயலில் சிக்கியவர் அயர்லாந்து நாட்டின் கிரெகர் மெக்கக்கின். அவர் படகின் பாய்மரமும் ஒடிந்துவிட்டது! அவருக்கே ஆபத்து. அவர் என்ன செய்தார் தெரியுமா? இருந்த கட்டைகளை வைத்து ஒரு தற்காலிகப் பாய்மரம் கட்டினார். தன் படகை அபிலாஷ் இருந்த பக்கம் திருப்பினார்.

இந்தியக் கடற்படை விமானம் பறந்து வந்து, அபிலாஷின் படகைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24 அன்று ஃபிரான்ஸ் நாட்டின் மீன்வளப் பாதுகாப்புக் கப்பல் 'ஒசிரிஸ்' முதலில் போய்ச் சேர்ந்தது. அதன் மாலுமிகள் ரப்பர் படகில் போய் அபிலாஷைத் தூக்கி வந்தார்கள். பிறகு கிரெகரையும் ஏற்றிக்கொண்டார்கள். போட்டி என்ன ஆனது, யார் முந்தியது என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை.

அபிலாஷுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தை போல மறுபடியும் நடக்கப் பழகினார். 2022இல் அதே போட்டிக்குத் திரும்பப் போனார்! 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

முதலில் வந்தவர் தென் ஆப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். அவரும் வழியில் ஒரு காரியம் செய்தார். 2022 நவம்பரில் பின்லாந்து நாட்டின் டாப்பியோ லேட்டினென் என்ற போட்டியாளரின் படகு மூழ்கிப்போனது. அவர் ஒரு மிதவையில் ஏறித் தத்தளித்தார். செய்தி கிடைத்ததும் கிர்ஸ்டன் போட்டியை மறந்து இரவெல்லாம் படகைச் செலுத்தி, மறுநாள் அவரைக் கண்டுபிடித்துக் காப்பாற்றினார். வழியே வந்த ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு, தன் பயணத்தைத் தொடர்ந்தார். அதற்குச் செலவான நேரத்தைப் போட்டி நடத்தியவர்கள் கணக்கில் கழித்துவிட்டார்கள். அப்படி நேரத்தைச் 'செலவு' செய்தும் முதலிடம் அவருக்குத்தான்!

சட்டமும் உண்டு, மனசும் உண்டு

கடலில் ஆபத்தில் இருப்பவரைக் கண்டால், தன் கப்பலுக்குப் பெரிய ஆபத்து வராதவரை உதவியே ஆக வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டம் இப்படிச் சொல்கிறது. அவர் எந்த நாடு, எந்த மதம் என்று பார்க்கக் கூடாது.

ஆபத்தில் இருப்பவர் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் "மே டே, மே டே, மே டே" என்று மூன்று முறை சொல்வார். 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. கேட்டவர்கள் மற்ற பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும்.

நம் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்திரம் பழுதாகி நிற்கும் படகைக் கண்டால், மீன் பிடிப்பதை விட்டுவிட்டுக் கயிறு போட்டு இழுத்து வருவார்கள். 2017இல் ஒக்கி புயலில் காணாமல் போனவர்களைத் தேடி, கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே கடலுக்குள் போனார்கள்.

கடலில் மட்டும்தானா? 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது, மீனவர்கள் படகுகளோடு ஊருக்குள் வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். 600க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு மீனவர்கள் வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்குப் போனார்கள். படகில் ஏற முடியாமல் தவித்த பெண்களுக்காக ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்தார். தன் முதுகையே படிக்கட்டாக்கினார்! முன்பின் தெரியாதவர்களுக்காகத்தான் இவ்வளவும்.

குழந்தைகளே, எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போல நீங்களும் கடலிலிருந்து தூரத்தில் வசிக்கலாம். பரவாயில்லை. பள்ளிக்குப் புதிதாக ஒரு மாணவன் வருகிறான். யாரையும் தெரியாமல் வாசலில் நிற்கிறான். அவனும் தனிப் படகில் வந்தவன்தான். ஓடிப்போய் அவன் கயிற்றை வாங்கிக் கட்டுங்கள். பெயர் கேட்பது அப்புறம்!

நினைவில் வையுங்கள்

* பிச்சாவரத்திலோ வேறு எங்கோ படகில் ஏறினால், உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்ட பிறகே உட்காருங்கள். படகில் எழுந்து நிற்காதீர்கள்.

* ஆற்றில் வெள்ளம் போகும்போது பெரியவர்கள் இல்லாமல் கரைக்குப் போகாதீர்கள்.

* கடலில் யாராவது ஆபத்தில் இருப்பதைக் கண்டால், இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.

விடை சொல்லுங்கள்

1. இருட்டில் ஒரு படகின் பச்சை விளக்கு மட்டும் தெரிகிறது. அது எந்தப் பக்கம் போகிறது?

2. படகின் முன்பகுதிக்கு நம் மீனவர்கள் சொல்லும் பெயர் என்ன?

3. நீமோ புள்ளியில் இருப்பவருக்கு மிக அருகில் இருக்கக்கூடிய மனிதர்கள் யார்?

4. யாகன் மக்களின் படகில் நெருப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் யார்?

(விடைகள்: 1. உங்கள் வலது பக்கம். 2. அணியம். 3. விண்வெளி வீரர்கள். 4. குழந்தைகள்.)